தலைமக்களும் நிலைமக்களும்: பாலைநிலப் போர் பற்றிய நூல்கள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் இரு உலகப் போர்களிலும் இந்தியப் படையினர் பெருந்தொகையினராகப் பாலைநிலங்களில் போரிட்டனர். முதற்போரில் மெசபொத்தேமியாவிற்கு மட்டும் ஏறத்தாழ 6 இலட்சம் இந்தியர் அனுப்பப்பட்டனர். இரண்டாம் போரில் எகிப்து, லிபியா, துனிசியா ஆகிய நாடுகளின் மணல்வெளியில் நான்காம் இந்திய டிவிஷன் 1940 முதல் 1943 வரை பலமுறை களம் கண்டது. இப்போர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்கள் மிகப்பல. அவற்றுள் படைத்தலைவர் பெறும் இடம் யாது, படைவீரர் பெறும் இடம் யாது என்பதைத் தமிழ்ப் புறத்திணை மரபின் துணைகொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குப் பெங்களூர் பொருத்தமான களமாகும். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையின் தலைமையிடம் 1834 முதல் இந்நகரில் உள்ளது. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைக் கைப்பற்றிய குதிரைப்படையில் ஜோத்பூர்ப் படையோடு மைசூர் லான்சர்ஸ் படையும் இருந்தது. 1809இல் கண்டோன்மென்ட் உருவானபின் படையோடும் படைசார்ந்த தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழர் பலர். ஆகவே பாலைநிலப் போர் இந்நகரத் தமிழர்க்குத் தொலைவில் நடந்த செய்தி மட்டும் அன்று; குடும்ப வரலாறும் ஆகும்.

குறள் தரும் அளவுகோல்

படைமாட்சி அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் இரு சொற்களை எதிரெதிர் நிறுத்துகிறார். ஒன்று நிலைமக்கள், மற்றொன்று தலைமக்கள். நிலைத்து நிற்கும் வீரர் எத்துணைப் பேர் இருப்பினும், நடத்தும் தலைவர் இல்லாவிடத்துப் படை நில்லாது என்பது அக்குறளின் கருத்து. இதனைத் தலைமையின் சிறப்பாக மட்டும் கொள்ளுதல் முழுமையாகாது. தலைவர் இன்றியமையாதவர் என்று சொல்ல வந்த இடத்திலும் வீரர்க்கு 'நிலைமக்கள்' என்னும் பெருமைமிக்க பெயரை வள்ளுவர் தந்துள்ளார். இருசாராரையும் 'மக்கள்' என்னும் ஒரே சொல்லால் முடித்துள்ளமையும் கருதத்தக்கது.

நவீனப் போர் நூல்கள் இவ்விரு மக்களையும் ஒருங்கே காண்கின்றனவா என்பதே இங்கு எழும் வினா. குறள் தலைமக்கள் இல்லாத படையின் குறையைச் சுட்டியது. பாலைநிலப் போர் நூல்களிலோ தலைமக்கள் நிறைந்து, நிலைமக்கள் பெயரின்றி நிற்கும் குறையே மிகுதி.

பாலையும் வாகையும்

தொல்காப்பியம் அகத்திணை ஒவ்வொன்றிற்கும் ஒரு புறத்திணையை இணையாக்குகிறது. குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி, மருதத்திற்கு உழிஞை, நெய்தலுக்குத் தும்பை என அமையும் அவ்வரிசையில் பாலைக்கு வாகை புறனாகிறது. வாகை வெற்றியைக் குறிப்பது. அவரவர் தத்தம் துறையில் மேம்படுதலையும் குறிப்பது. பாலை பிரிவும் இழப்பும் உடையது. இழப்பின் நிலத்தோடு வெற்றியின் திணையை இணைத்தது எதனால் என்பதற்கு உரையாசிரியர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். பாலைநிலப் போர் நூல்களைக் கற்பார்க்கு இவ்விணைப்பு புதுப்பொருள் தருகிறது. ஒரே மணல்வெளி தலைவனுக்கு வாகையாகவும் வீரனுக்குப் பாலையாகவும் காட்சியளிப்பதை அந்நூல்களில் காணலாம்.

பாலை தனக்கெனத் தனிநிலம் உடையது அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்துத் தோன்றுவது என்னும் சிலப்பதிகாரக் கருத்தும் இங்கு நினைக்கத்தக்கது. வட ஆப்பிரிக்கப் பாலை படைகள் வருமுன் வெற்றுவெளியாக இருந்ததில்லை. மேய்ச்சல் மக்களும் கிணறுகளும் வணிக வழிகளும் உடையது அது. 1942 அக்டோபர் 23 அன்று எல் அலமைன் பெரும்போர் தொடங்கியபோது அங்குப் புதைக்கப்பட்டிருந்த கண்ணிவெடிகள் ஏறத்தாழ 5 இலட்சம். போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அவை அந்நிலத்து மக்களைக் கொன்றும் ஊனப்படுத்தியும் வந்தன. இயல்பு திரிந்த நிலம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தலைமக்கள் நூல்கள்

தலைவரை மையமாக்கிய நூல்களுள் டெஸ்மண்ட் யங் எழுதிய 'ரோமல்' (1950) பெரிதும் அறியப்பட்டது. ஆசிரியர் இந்தியப் படையில் பணியாற்றியவர். 1942இல் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். தம் பக்கத்துப் பீரங்கிப்படையிடம் சென்று சுடுதலை நிறுத்தச் சொல்லுமாறு ஜெர்மானிய அதிகாரி ஒருவர் பணித்ததையும், யங் மறுத்ததையும், அங்கு வந்த ரோமல் போர்நெறிப்படி அவரைக் கட்டாயப்படுத்தலாகாது எனத் தீர்ப்பளித்ததையும் இந்நூல் கூறுகிறது. ரோமலை எதிர்த்துப் போரிட்ட ஆக்கின்லெக் இதற்கு அணிந்துரை எழுதினார். 1951இல் இது திரைப்படமாகவும் வந்தது.

பகைவனின் பெருமையை ஏற்கும் இவ்வுளப்பாங்கு தமிழ் மரபுக்கு உவப்பானதே. எனினும் இந்நூலின் வரையறையையும் சுட்டுதல் வேண்டும். ரோமலின் குறிப்புகள் அதே 1950இல் ஜெர்மனியில் வெளிவந்தபோது 'வெறுப்பற்ற போர்' என்னும் பொருள்படும் தலைப்பைப் பெற்றன. மக்கள் இல்லாத வெளியில் வீரரும் வீரரும் அறத்தோடு பொருத களம் என்னும் எண்ணம் இவ்வாறு நிலைபெற்றது. ரோமல் யாருடைய ஆட்சிக்காகப் போரிட்டார் என்னும் வினா அதனுள் மங்கிப்போயிற்று. பிற்கால வரலாற்றறிஞர் இதனை 'ரோமல் தொன்மம்' எனக் கண்டித்தனர். தலைவனின் தனிப்பண்பை அளந்த யங், அத்தலைவன் ஏந்திய வாளின் நோக்கத்தை அவ்வளவு நுணுகி அளக்கவில்லை எனலாம்.

காரெல்லி பார்னெட் எழுதிய 'தி டெசர்ட் ஜெனரல்ஸ்' (1960) வேறுவகைத் துணிவுடையது. ஓ'கானர், கன்னிங்ஹாம், ரிச்சி, ஆக்கின்லெக், மாண்ட்கோமரி ஆகிய தளபதிகளை அது வரிசையாக ஆராய்கிறது. 1942 ஜூலையில் எல் அலமைனில் ரோமலைத் தடுத்து நிறுத்தியவர் ஆக்கின்லெக். அடுத்த மாதமே அவர் பதவி நீக்கப்பட்டார். இலையுதிர்காலத்தில் பெருவெற்றி பெற்றுப் புகழெய்தியவர் மாண்ட்கோமரி. அப்புகழ் மிகைப்பட்டது என்றும், நீக்கப்பட்டவரே திருப்புமுனையை உண்டாக்கியவர் என்றும் பார்னெட் வாதிட்டார். மாண்ட்கோமரி 1976 வரை வாழ்ந்தவர். வென்றவர் வாழும் காலத்திலேயே இவ்வாறு எழுதியமை குறிப்பிடத்தக்கது.

நான்காம் இந்திய டிவிஷனின் தளபதியாக இருந்த ஃபிரான்சிஸ் டக்கர் எழுதிய 'அப்ரோச் டு பேட்டில்' (1963) உள்ளிருந்து எழுந்த திறனாய்வு. பயிற்சி பெற்ற டிவிஷன்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பயன்படுத்திய மேலிடத்தின் போக்கை அவர் கடிந்துரைக்கிறார். 1943 ஏப்ரலில் வாடி அகாரித் என்னுமிடத்தில் பீரங்கி முழக்கமின்றி இரவில் மலைமுகடுகளைக் கைப்பற்றும் திட்டம் அவருடையது. தம் வீரரின் மலையேறும் திறனை அறிந்திருந்தமையால் அத்திட்டத்தை வகுத்தார். தலைமக்கள் நூல்களுள் நிலைமக்களின் திறன் போர்த்திட்டத்திற்கே காரணமாக அமைவதை இந்நூலில் காண்கிறோம். எனினும் இங்கும் வீரர் திறனாகவே வருகின்றனர், குரலாக வருவதில்லை.

வெண்ணிக் குயத்தியாரின் குரல்

வென்றவனினும் தோற்றவன் நல்லன் என்று வென்றவனிடமே சொல்லுதல் தமிழுக்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். அவனே நின்னினும் நல்லன் அல்லனோ என்னும் கருத்தமையக் கரிகாலனை நோக்கிப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார் (புறம். 66). பார்னெட்டின் நூலை இப்பாட்டோடு ஒப்பிடும்போது ஒற்றுமையினும் வேற்றுமையே மிகுந்த பயன் தருகிறது.

பார்னெட்டின் அளவுகோல் போர்த்திறனும் வாய்த்த படைவலியும். புலவரின் அளவுகோல் நாணும் புகழும். இது முதல் வேற்றுமை. இரண்டாவது அதனினும் ஆழமானது. குயத்தியார் என்னும் பெயர் மட்கலம் வனையும் குடியைச் சுட்டுவது. வெண்ணி என்பது போர் நடந்த ஊர். அரசர் இருவரும் வந்து பொருது நீங்கிய நிலத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் தீர்ப்பாக அப்பாட்டைக் கொள்ள இடமுண்டு. பாலைநிலப் போர் நூல்களில் அரசர்களின் பூசலைத் தீர்ப்போர் பலர் உளர். ஆனால் லிபிய மண்ணிலிருந்தோ எகிப்திய மண்ணிலிருந்தோ ஒரு குயத்தியாரின் குரல் அவற்றுள் கேட்கப்படவில்லை. நிலைமக்கள் பெயரிழந்தனர் எனில் நிலத்து மக்கள் முற்றும் மறைந்தே போயினர்.

பாடாண் நூல்கள்

போர்க்காலத்தில் இந்திய அரசின் போர்த்துறை வெளியிட்ட 'தி டைகர் ஸ்ட்ரைக்ஸ்' (1942), 'தி டைகர் கில்ஸ்' (1944) என்னும் நூல்கள் மூன்றாம் வகையின. ஆப்பிரிக்காவில் இந்திய டிவிஷன்களின் செயல்களை மக்களுக்கு அறிவிக்க எழுந்த இவை, புறத்திணை நோக்கில் பாடாண் எனத்தகும். கொடுப்போர் புகழைப் பெறுவோர் பாடுவது பாடாண். இங்கோ ஆள்வோரே தம் படையின் புகழைத் தாமே பாடுவித்தனர். விருது பெற்ற வீரர் பலரின் செயல்கள் இவற்றுள் பதிவாயுள்ளமை நன்மையே. ஆயினும் ஒரு செய்தியை மறத்தலாகாது. 1942 ஆகஸ்டில் இந்தியத் தலைவர்கள் சிறையிலிருந்த அதே காலத்தில் இந்திய வீரர் அலமைனில் நின்றனர். அவ்வீரர் உள்ளத்தில் எழுந்திருக்கக்கூடிய இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையைப் பாடாண் நூல் பேச இயலாது.

மெய்க்கீர்த்தியைப் பயிலும் ஆய்வாளர் அதனைப் புகழ்மொழி என ஒதுக்குவதில்லை. புகழுக்கிடையே கிடக்கும் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் பிரித்தெடுப்பர். இந்நூல்களையும் அவ்வாறே பயன்கொள்ளுதல் தகும்.

'தம்பி' என்னும் பெயர்

இந்நூல்களில் தமிழ் வீரர் ஏன் அருகியே தோன்றுகின்றனர் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. போர்க்குடிகள் என ஆங்கிலேயர் சிலரை வகுத்துக்கொண்ட கொள்கையால் சென்னை மாகாணக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. சென்னைப் பயனியர் படைகளும் 1933இல் கலைக்கப்பட்டன. தொடர்ந்து நின்றது சாப்பர்ஸ் படையே. எனவே வட ஆப்பிரிக்காவில் காலாட்படை எனின் பஞ்சாபியரும் ராஜபுத்திரரும் கூர்க்கரும் பிறருமே பேசப்பட்டனர். அவர் முன்னேறப் பாதை அமைத்த பொறியியல் பிரிவுகளுள் மெட்ராஸ் சாப்பர்ஸின் 12ஆம் ஃபீல்டு கம்பெனியும் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியும் இருந்தன. கண்ணிவெடி அகற்றல், பாலம் இடல், நீர் காணல், பாதை சமைத்தல் ஆகியன அவர்தம் தொழில். தாக்குதல் வெற்றியுற்றால் புகழ் தாக்கியோர்க்குச் சேரும். பாதை பிழைத்தால் முதலில் மடிவோர் பாதை அமைத்தோர்.

1943 மார்ச்சில் மாரெத் அரண்வரிசையின் முன்னுள்ள வாடி ஸிக்ஸாவ் என்னும் ஓடைப்பள்ளத்தில் எதிரியின் குண்டுமழைக்கிடையே நான்காம் இந்திய டிவிஷனின் பொறியியல் படையினர் கடவை அமைத்தனர். அத்தகைய பணியின் உச்சத்தைச் சுபேதார் சுப்பிரமணியனிடம் காணலாம். அதே டிவிஷனின் பொறியியல் பிரிவோடு இத்தாலிக்குச் சென்ற அவர், 1944இல் மிக்னானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி ஒன்றின்மீது தம் உடலைக் கிடத்தி உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்தார். மறைவுக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அவர் பெயரை அறிந்தோர் படைவட்டத்திற்கு வெளியே மிகச்சிலரே.

மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரரைத் 'தம்பி' என அழைப்பது அப்படையின் நெடுநாள் மரபு. உறவுமுறைச் சொல் ஒன்று ஆங்கிலப் படைவழக்கில் நிலைபெற்றது இதனால். இச்சொல் இருமுனை உடையது. தமிழ் மரபில் தம்பி என்பான் அண்ணனுக்கு வலக்கை. இலக்குவனும் கும்பகருணனும் அதற்குச் சான்று. அன்பும் உரிமையும் அச்சொல்லில் உண்டு. அப்படையினரும் அதனைப் பெருமையாகவே ஏற்றனர். ஆனால் அனைவரையும் தம்பி என அழைக்கும்போது தனித்தனிப் பெயர் கூறும் தேவை நீங்குகிறது. தம்பி எப்போதும் இளையவன். நூல் எழுதும் அண்ணனே மூத்தவன். அன்பின் சொல்லே பெயர்மறைப்பின் சொல்லாகவும் ஆன நிலையை இங்குக் காண்கிறோம்.

நிலைமக்கள் நூல்கள்

வீரர் நிலையிலிருந்து எழுந்த நூல்கள் இல்லாமல் இல்லை. ஆங்கிலக் கவிஞர் கீத் டக்ளஸ் அலமைன் போர் தொடங்கியபோது, பின்னணிப் பணியிலிருந்து ஆணையின்றி நீங்கித் தம் டாங்கிப் படையைச் சென்றடைந்தார். 'அலமைன் டு ஜெம் ஜெம்' என்னும் அவரது நூல் 1944இல் அவர் நார்மண்டியில் இறந்தபின் 1946இல் வெளிவந்தது. போர்த்திட்டம் இதில் பெரிதாக இடம்பெறுவதில்லை. உடைந்த டாங்கியும் கிடக்கும் உடலும் கண்ணுக்கு முன் நிற்கின்றன. நிலையாமை உணர்த்தும் காஞ்சித்திணையின் பார்வை இது.

இந்திய மொழிகளுள் வங்காளத்தில் சிசிர்பிரசாத் சர்பாதிகாரி எழுதிய 'அபி லே பாக்தாத்' (1957) தனியிடம் பெறுவது. வங்காள ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து மெசபொத்தேமியா சென்றவர் அவர். 1916இல் கூத் முற்றுகையின் முடிவில் சிறைப்பட்டவர். அவருடைய நினைவுகள் பட்டினியையும் பாலைநடையையும் பகைநாட்டு மனிதரின் இரக்கத்தையும் ஒருங்கே பதிகின்றன. காயமுற்றோரைத் தாங்கியவர் எழுதிய நூலாதலின் வெற்றி தோல்வி இரண்டும் அதில் பின்னுக்குச் செல்கின்றன.

பெங்களூரோடு தொடர்புடைய ரகு கார்னாட் எழுதிய 'ஃபார்தெஸ்ட் ஃபீல்டு' (2015) சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் (2016) பெற்றது. போரில் இறந்த தம் பாட்டனார் தலைமுறையினர் மூவரின் கதையை அது சொல்கிறது. அவருள் பாபி என்பவர் ஈராக்கிலும் பின்னர் இந்திய வடகிழக்கு எல்லையிலும் பணியாற்றிய பொறியியல் படை அதிகாரி. வீட்டுப் புகைப்படங்கள், உறவினர் நினைவுகள், படை ஆவணங்கள் ஆகியவற்றால் இடைவெளிகளை நிரப்பிய முயற்சி அது. குடும்ப நினைவே வரலாற்றுச் சான்றாகும் என்பதை இந்நூல் நிறுவியது. எனினும் மூவரும் கற்ற குடியினர், அதிகாரி நிலையினர். புகைப்படம் எடுத்துவைக்க இயலாத வீட்டுப் பிள்ளைகளின் கதையை இம்முறையால் எழுத இயலுமா என்னும் வினாவை அது விட்டுச்செல்கிறது.

தமிழ் இந்நிலையில் எங்கு நிற்கிறது? 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைமீது சிலநிமிடம் குண்டு வீசிய கப்பலின் பெயர் 'எம்டன்' என்னும் வழக்குச் சொல்லாகத் தமிழில் வாழ்கிறது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' தென்கிழக்காசியப் போர்க்காலத்தைப் புதினமாக்கியது. வெ. சாமிநாத சர்மா பர்மாவிலிருந்து நடந்துவந்த வழியை எழுதிவைத்தார். கீழ்த்திசைப் போர் தமிழில் இடம்பெற்றது. மேற்றிசைப் பாலைப்போர் அவ்வாறு இடம்பெறவில்லை. முன்னதில் வணிகரும் கற்றோரும் இருந்தனர். பின்னதில் எழுத்தறிவு குறைந்த வீரரே மிகுதி என்பது ஒரு காரணம் ஆகலாம். தமிழ் இலக்கிய வரலாறுகள் போர்வீரனின் தன்வரலாற்றைத் தேடாமை மற்றொரு காரணம்.

பாசறையும் கல்லும்

தலைவனையும் வீரனையும் ஒரே காட்சியில் வைத்த பாட்டுகள் தமிழில் உண்டு. முல்லைப்பாட்டின் அரசன் பாசறையில் உறங்காது, புண்பட்ட யானைகளையும் தனக்காக மடிந்த வீரரையும் நினைந்திருக்கிறான். நெடுநல்வாடையின் அரசன் நள்ளிரவில் வாடைக்கிடையே சிலரோடு சென்று புண்பட்டோரைக் காண்கிறான். அகத்தின் நெடும்பிரிவையும் புறத்தின் பாசறையையும் இணைத்த இப்பாட்டுகளில் தலைமை என்பது வீரனின் புண்ணை அறிதல் ஆகும். ஆயினும் நேர்மையோடு ஒன்றைக் கூறவேண்டும். இவற்றிலும் காட்சிக்குரியவன் அரசனே. காணப்பட்ட வீரனின் பெயரைப் பாட்டு சொல்வதில்லை.

அக்குறையை நிறைத்தது நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளும் வீரனுக்கே உரியன. பெங்களூர் என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கிய மிகப்பழைய சான்றாகக் கருதப்படும் பேகூர்க் கல்வெட்டு, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த வீரக்கல்லாகும். நாகத்தரனைச் சார்ந்த ஒருவன் பெங்களூர்ப் போரில் மடிந்ததை அது பெயரோடு பதிகிறது. இந்நகரின் பெயரே ஒரு வீரனின் பெயரோடு சேர்ந்து நமக்குக் கிடைத்துள்ளது.

ஆயிரம் ஆண்டு கழித்து எழுந்த பாஸ்ரா நினைவகத்தை இதனோடு ஒப்பிடுக. மெசபொத்தேமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோர்க்கு எழுப்பப்பட்டது அது. ஆங்கிலேயர் பெயரும் அதிகாரிகள் பெயரும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரண வீரர் படைவாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். 1997இல் அந்நினைவகம் நகரப்புறத்திலிருந்து பாலைவெளிக்குப் பெயர்க்கப்பட்டது. போரில் இறந்த ஆசிய ஆப்பிரிக்க வீரர் பலர் பெயரால் நினைக்கப்படவில்லை என்பதைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. சிற்றரசன் ஒருவன் செய்த கடமையைப் பேரரசு செய்யவில்லை.

முடிவுரை

பாலைநிலப் போர் நூல்களைப் புறத்திணை நோக்கில் வகைப்படுத்தின், தலைவர் நூல்கள் வாகையாகவும், அரசு வெளியீடுகள் பாடாணாகவும், வீரர் நினைவுகள் காஞ்சியாகவும் அமைகின்றன. யங்கும் பார்னெட்டும் டக்கரும் தலைமையை நடுநிலையோடு அளக்க முயன்றனர், அம்முயற்சி போற்றத்தக்கது. எனினும் நிலைமக்களின் பெயரும், போர் நடந்த நிலத்து மக்களின் குரலும் அவற்றுள் இல்லை. தமிழ் வீரன் அவற்றுள் 'தம்பி' என்னும் பொதுப்பெயரால் மட்டுமே நிற்கிறான்.

இக்குறையை ஆங்கில நூல்கள்மேல் ஏற்றிவிட்டுத் தமிழாய்வு அமைதியுறுதல் தகாது. அல்சூர், பிரேசர் டவுன் முதலிய பகுதிகளிலும் வடஆர்க்காடு, செங்கற்பட்டு ஊர்களிலும் வாழும் படைக்குடும்பங்களில் ஓய்வூதியச் சீட்டும் பதக்கமும் பழம்புகைப்படமும் பாட்டியர் சொன்ன கதைகளும் எஞ்சியிருக்கலாம். வாய்மொழி வரலாறாக அவற்றைத் தொகுப்பது தமிழ்த்துறைகளின் பணி. போரில் நேரே ஈடுபட்டோர் ஏறக்குறைய மறைந்துவிட்டனர். அவர்தம் மக்களும் முதுமை எய்திவிட்டனர். ஆறு நிலைகளுள் முதலாவது காட்சி, அதாவது தகுந்த கல்லைத் தேடிக் காணுதல். அத்தேடலே இன்னும் தொடங்கப்படவில்லை.